கண்ணாடி இல்லாமல் வாசிக்கிற எழுத்து

யதுஷா எழுத்து வரைகிறவள். கவிதாயினி என்று நினைத்துவிட வேண்டாம். அ, ஆ என்று ஒவ்வொன்றாக வரைந்து கணினியில் ஏற்றுகிற வேலை. கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலத்தின் அச்சகத்தில் எட்டு வருடம் இசை நிகழ்ச்சிக்கும் கார்னிவலுக்கும் போஸ்டர் செய்தாள்.

பழைய சர்க்கஸ் நோட்டீஸ் எழுத்து என்றால் அவளுக்குப் பைத்தியம். கறுத்துத் தடித்து, அடியில் பாதம் வைத்து, நுனியில் சுருண்டு, ‘என்னைப் பார்’ என்று நெஞ்சை நிமிர்த்துகிற எழுத்து. தமிழில் அப்படியொன்றைச் செய்ய அச்சக வேலை முடிந்த இரவுகளில் வெள்ளவத்தை வீட்டில் மூன்று வருடம் குந்தியிருந்தாள். சோதிக்கிறது தாய் இரத்தினம்மாவின் வேலை. புரை விழுந்த கண். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் அடுப்படிக் குசினி வாசலில் நின்று முன்சுவரில் ஒட்டிய எழுத்தை வாசிக்க வேண்டும். “ற தெரியேல்ல பிள்ளை” என்றால் திரும்பவும் முதலிலிருந்து. றகரத்தின் வாலுக்கு மட்டும் பதினொரு நாள் போனது.

அச்சகத்துப் போஸ்டர்களில் ஏறியதும் எழுத்து ஊரைக் கலக்கியது. வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கொழுத்த எழுத்தையே கேட்டார்கள். பொன்னம்பலம் “எங்கட பிரஸ் எழுத்து” என்று மார்தட்டினார். போஸ்டரின் மூலையில் பொடியாகத் தன் பெயரையும் போடச் சொல்லி யதுஷா கேட்டாள்.

“பிறக்கிற பிள்ளைக்கு மருத்துவிச்சியின்ர பேரையே வைக்கிறவை?” என்றார் அவர்.

“நான் மருத்துவிச்சி இல்லை, முதலாளி. பெத்தது நான்.”

அவர் சிரித்தார். வேலைக்கு நின்ற மற்றவர்களும் சிரித்தார்கள், சம்பளம் தருகிறவர் சிரிக்கும்போது வேறென்ன செய்வது.

அடுத்த மாதம் அவள் விலகினாள். வீட்டு முன்னறையில் ஒரு கணினியை வைத்து, தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு எழுத்து தன்னுடையது என்று சொன்னாள். அந்த எழுத்தை அச்சகக் கணினியிலிருந்து அழிக்காமல் வந்தாள். பெருந்தன்மை என்று அவள் நினைத்திருக்கலாம், எனக்கு அது சுத்த மடத்தனம்.

வேலையை விட்டுப் போனவரின் படத்தைப் போட்டு, ‘இவர் தற்போது எம்மிடம் பணிபுரிவதில்லை. இவருடனான கொடுக்கல் வாங்கல்களுக்கு நாம் பொறுப்பல்ல’ என்று பத்திரிகையில் அறிவித்தல் கொடுப்பது இங்கே வழக்கம். களவு என்ற சொல் அதில் இராது. வாசிக்கிறவர்கள் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். பத்திரிகையில் அது தீப்பெட்டி அளவில்தான் வரும். சொந்த அச்சகம் வைத்திருக்கிற மனிதருக்கு அது போதவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது அவள் கொடுத்த படத்தைப் பெருப்பித்து, அதே அறிவித்தலைப் போஸ்டராக அடித்து, கொட்டாஞ்சேனை தொடங்கி வெள்ளவத்தை வரை சுவர் சுவராக ஒட்டுவித்தார். எந்த எழுத்தில் என்று நான் சொல்லத் தேவையில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன முதல் வாடிக்கையாளர் பன்னிரண்டாகியும் வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. ஏனென்று யதுஷாவுக்கு விளங்கவில்லை. கண் கிளினிக்குக்குப் போன இரத்தினம்மாதான் வந்தார். செருப்பைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

“காலி வீதிச் சுவரில உன்ர படம். பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தனான்.”

“என்னம்மா போட்டிருக்கு?”

இரத்தினம்மா ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தார்.

“கண்ணாடி போடேல்ல. ற கூட வடிவாத் தெரிஞ்சுது” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி கேட்டார்.

“அங்க என்ன பிள்ளை எடுத்தனீ?”