காசில் பற்றவைத்த வளையம்

மெலாஹத்துக்கு இருபத்தாறு வருடமாக அடுக்களைதான் தையற்கடை. அடுப்பில் பருப்பு சூப் கொதிக்கும், மேசையில் யாரோ ஒருத்தியின் பாவாடை கிடக்கும். துணியில் வெங்காய வாசம் அடிக்கிறது என்று உஸ்குதார் வட்டாரப் பெண்கள் முகம் சுளித்தாலும் அவளிடமேதான் வருவார்கள். மசூதிச் சந்து முனையில் ஒரு சின்னக் கடை காலியானது. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் தந்தால் அது அவளுக்கு.

வழி இருந்தது. அப்பா விட்டுப்போன தங்கக் காசு, சுல்தான் ஐந்தாம் முராத் காலத்தது. அவர் அரியணையில் இருந்ததே தொண்ணூற்று மூன்று நாள், அதனால் காசும் அபூர்வம். கடலுக்கு அக்கரையில், கூரை போட்ட மூடுசந்தையில் பழங்காசு வாங்கும் கெவோர்க், தங்க விலையைப்போலப் பல மடங்கு தருவதாகச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை காலை டப்பாவைத் திறந்தாள். காசு பளபளத்தது. அதன் உச்சியில் ஒரு வளையம், அதில் சிவப்பு ரிப்பன்.

"ஷாகிர்!"

கணவர் தேநீர்க் கிளாஸோடு சிரித்தபடி வந்தார். "பாத்துட்டியா? ஞாயித்துக்கிழமை நம்ம பையன் கல்யாணத்துல மருமக தோள்ல தங்கக் காசு குத்தணும்ல? நம்ம தெரு நகைக்காரன்கிட்ட வளையம் பத்தவச்சேன். தேச்சும் குடுத்தான். கூலிகூட வாங்கல!"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"எல்லாக் கல்யாணத்துலயும் இப்படித்தான குத்துறோம்? இதுல கேக்க என்ன இருக்கு?"

அவள் காசை எடுத்துக்கொண்டாள். படகேறிக் கெவோர்க்கிடம் போனாள். அவர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, இது இனிமே வெறும் தங்கம். சூடு பட்டு, தேச்சதுல சுல்தான் முத்திரையே மழுங்கிப்போச்சு."

"என் வீட்டுக்காரரும் பழசுதான். அவர எடுத்துக்கிறீங்களா?"

"வளையம் போட்டது எதுவும் வேண்டாம்க்கா."

வெறும் தங்க விலை முன்பணத்தில் பாதிக்குக்கூட வராது. வெள்ளிக்கிழமை போயிற்று, கடையும் போயிற்று. ஞாயிறன்று கல்யாணத்தில், யார் என்ன போடுகிறார்கள் என்று அறிவிக்கும் ஒலிபெருக்கிக்காரன், "மாப்பிள்ளையோட அம்மா, ஒரு தங்கம்!" என்று கத்த, அவள் காசை மருமகளின் தோளில் குத்தினாள். ஷாகிர்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

திங்கட்கிழமை, சோபாவுக்கு வெள்ளை உறை போட்டு வருடமெல்லாம் பூட்டியே வைத்திருந்த விருந்தினர் அறையை மெலாஹத் திறந்தாள். சோபாவைத் தாழ்வாரத்துக்குத் தள்ளினாள்.

"என்ன பண்ற? விருந்தாளி வந்தா எங்க உக்காருவாங்க?"

"தைக்கத் துணி கொண்டுவந்தா இங்க உக்காரட்டும். அந்தத் தையல் மெஷினத் தூக்கு ஷாகிர். கீழ போட்டுடாத."