ஊசி வேண்டாம் என்ற டாக்டர்

மதுக்கரையில் யாருக்கோ கட்டியில் கத்தி வைத்ததும் புற்று உடம்பெல்லாம் பரவிவிட்டதாம். டீக்கடைக்காரர் சொன்னதாக அக்கா தெய்வாத்தாள் போனில் சொன்னாள்.

கணவர் இறந்தபின் கணபதி என்ற ஊரில் லேத் பட்டறையைத் தானே ஓட்டுகிறவள். போன வருடம் அவளுக்கு முகம் உப்பியது, தாடையில் மயிர் முளைத்தது, பிரஷர் இறங்கவேயில்லை.

"தம்பி கனடாவுல, அக்காவுக்கு ஒடம்பு ஏறுதுங்க" என்று தெருவே கேலி செய்தது. அவளும் சிரித்தாள்.

ஸ்கேனில்தான் சிறுநீரகத்துக்கு மேலே, அட்ரீனல் சுரப்பியில் கட்டி தெரிந்தது. அநேகமாகப் புற்றுதான் என்றார் டாக்டர். ஊசி குத்திப் பார்க்க வேண்டாம், தள்ளிப்போடாமல் முழுசாக எடுத்துவிடலாம் என்றார். அதுவே வினையாயிற்று.

"ஊசிக்கே டாக்டர் பயப்படறாரு. கத்தி மட்டும் சும்மா உடுமா கண்ணு?"

"குத்துனா கட்டியில இருக்கற புத்து உள்ள சிந்திப்போடுமுங்க அக்கா. அதனாலதான் உடையாம எடுக்கறாங்க."

"அங்க உக்காந்து சொல்லிப்போடலாம். படுக்கறது நானு."

இன்று காலை அவள் அட்மிட் ஆக வேண்டும். டொராண்டோவிலிருந்து மறுபடியும் கூப்பிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்தால் போன் பைக்குள் கிடக்கும். பட்டறையில் இருந்தால் லேத் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.