கண்ணாடித் தொட்டிக்கு நான் அனுப்பிய காற்று

எண்பத்திரண்டோ எண்பத்து மூன்றோ, வருடம் சரியாக நினைவில்லை. நாமக்கல்லில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். சேலம் ரோட்டில் நான் பஞ்சர் கடை வைத்திருந்த காலம் அது. லாரி டயரைக் கழற்றி, ஒட்டி, காற்றடித்துக் கொடுப்பது தொழில். சுற்றுவட்டாரத்தில் என் கடைக் கம்ப்ரஸர்தான் பெரியது என்று எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

அந்தப் பொருட்காட்சியில் ‘கடல் உலகம்’ என்று ஒரு கூடாரம். உள்ளே இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு தொட்டி. நீளம் ஒரு லாரி பாடி அளவு இருக்கும். பேர்தான் கடல் உலகம், நீந்தியதெல்லாம் மேட்டூர் அணைக் கெண்டையும் விராலும். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. கூட்டம் வந்தது மீனுக்காக அல்ல. ரப்பர் உடையும் முகக் கண்ணாடியும் மாட்டி, முதுகில் சிலிண்டரோடு ஒருவர் தொட்டிக்குள் இறங்குவார். அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கால் மணி நேரம் மீன்களுக்குக் கையால் இரை ஊட்டுவார். கிணற்றில் முங்கி நூறு எண்ணுவதையே பெரிய வீரம் என்று நினைத்திருந்த எங்களுக்கு வாய் மூடவில்லை. அவருடைய மனைவி வெளியே நின்று மைக்கில் விளக்கம் சொல்வார். இருவரும் தூத்துக்குடிப் பக்கம். அவர் முன்பு கடலில் சங்கு குளித்தவராம்.

ஒரு சனிக்கிழமை காலையில் இருவரும் என் கடைக்கு வந்தார்கள். அப்போதுதான் ரகசியம் தெரிந்தது. முதுகில் இருந்த சிலிண்டர் காலி! அதில் காற்று நிரப்ப மெட்ராஸ் வரை போக வேண்டுமாம். கூடாரத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்ப்ரஸரை ஓட்டி, அதிலிருந்து ரப்பர் குழாய் வழியாகத்தான் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கம்ப்ரஸரின் மோட்டார் எரிந்துவிட்டது.

“மோட்டாருக்குப் புதுசா காயில் கட்டி வர நாலு நாளாகுமாம் அண்ணாச்சி. நாளைக்கு ஞாயித்துக்கிழம, கூட்டம் நெறைய வரும்” என்றார் அவர்.

“காத்துக்குத்தானுங்க கவலப்படறீங்க? நாளைக்கு என்ற கடை லீவுதான். மிசினைக் கொண்டாந்து வெச்சு நானே ஓட்டித் தர்றேனுங்க” என்றேன்.

வாடகை வேண்டாம், என் வீட்டாரை முன் வரிசையில் உட்கார வைத்தால் போதும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அன்றெல்லாம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் கம்ப்ரஸரோடு என் மண்ணெண்ணெய் இஞ்சினையும் ஏற்றிப் போய், பெல்ட் மாட்டிப் பின்பக்கம் நிறுத்தினேன். அவர் தன் வடிகட்டியைக் குழாயில் பொருத்தினார். ஒரு தகர டப்பா, அதில் கரித்தூளும் பஞ்சும். காற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, “நல்லாருக்கு அண்ணாச்சி” என்றார். மூன்று மணிக் காட்சி ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. கூடாரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். என் காற்று தண்ணீருக்குள் குமிழி குமிழியாக மேலே வருகிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்து மணிக் காட்சி தொடங்கும்போது தூறல் போட்டது. தூறல் விழுந்தால் எங்கள் ஊர்க்காரன் கை தானாகத் தார்ப்பாய்க்குத்தான் போகும். லோடு நனையக் கூடாது என்றே பழகிய கை அது. லாரித் தார்ப்பாய் ஒன்றை எடுத்து இஞ்சினுக்கும் கம்ப்ரஸருக்கும் சேர்த்துப் போர்த்தி, மூன்று பக்கமும் தரையோடு இழுத்துக் கட்டினேன். நான்காவது பக்கம் கூடாரத்தை ஒட்டி இருந்தது. சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. கட்டிய நேர்த்தியை நானே மெச்சிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த அம்மா மைக்கைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, மெசின நிறுத்துங்க! அவுகளுக்கு என்னமோ ஆகுது. கையில இரை தீந்துபோச்சு. வெறுங்கைய மீனுக்கு நீட்டிக்கிட்டே இருக்காக.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “அட, வேடிக்கைக்குப் பண்ணுவாருங்க அம்மிணி. மீட்டரப் பாருங்க, காத்து சரியாத்தான் போவுது. ஆயிரம் லாரிக்கு அடிச்ச மிசினுங்க இது. பயப்படாமப் போங்க.”

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு உள்ளே ஓடிவிட்டார். சற்று நேரத்தில் கூடாரத்துக்குள் கைதட்டல் கேட்டது. பார்த்தாயா, வேடிக்கைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கைதட்டல் சட்டென்று நின்று கூச்சலாக மாறியது. உள்ளே ஓடினேன். தொட்டியின் ஏணி உச்சியில் அந்த அம்மா நின்று, கணவரின் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைத் தனியாளாக இழுத்துக்கொண்டிருந்தார். அதையும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துத்தான் ஜனங்கள் தட்டியிருக்கிறார்கள். தண்ணீருக்குள் அவர் தலை தொங்கிக் கிடந்தார். நானும் இரண்டு லாரி டிரைவர்களும் மேலே ஏறினோம். மிதக்காமல் இருக்க இடுப்பில் ஈயக் கட்டி வேறு, என்ன கனம்! வெளியே எடுத்துக் கிடத்தியபோது கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. வலது கை விரல்கள் மட்டும் இரை பிடித்த மாதிரி குவிந்தபடி இருந்தன.

கிடைத்த காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். இஞ்சின் எங்கே இருந்தது என்று டாக்டர் கேட்டார். தார்ப்பாயைப் பற்றிச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். இஞ்சின் புகை முழுக்க உள்ளேயே சுற்ற, கம்ப்ரஸர் அதையே இழுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறது. வடிகட்டி புகை நாற்றத்தைப் பிடித்துக்கொண்டது. புகையில் இருக்கும் விஷ வாயுவைப் பிடிக்கவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். நான் உதவப் போய் ஓர் ஆளையே கொன்றிருப்பேன். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, கூட வந்த டிரைவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன்.

மறுநாள் காலை அவர் கண் விழித்துப் பேசினார். மூன்றாம் நாள்தான் அவர் முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் வந்தது.

“தெரியாம நடந்தது அண்ணாச்சி. மனசுல வச்சுக்காதீங்க. நானும் மோந்து பாத்து நல்லாருக்குன்னுதான சொன்னேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு பெரிய மனசு! எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அந்த அம்மா கட்டில் அருகே நின்று கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். கோபம் எதுவும் காட்டவில்லை. கஞ்சியைப் பார்த்தபடியே, “தார்ப்பாய் போட்டது தெரியாம நடந்ததுதான். நான் வந்து சொன்னப்ப கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி” என்றார்.

அந்த அம்மாவுக்குக் கம்ப்ரஸர் தெரியாது, மீட்டர் தெரியாது. ஆனால் கணவரின் கை எப்படி அசையும் என்று தெரியும். எனக்கு இயந்திரம் தெரியும் என்ற நினைப்பில், அதை நான் அறிவாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு கடையில் யார் “நிறுத்துங்க” என்று கத்தினாலும், முதலில் நிறுத்திவிட்டுத்தான் ஏன் என்று கேட்பேன். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தவர்கள் உண்டு, செய்துவிட்டுப் போகட்டும்.

தார்ப்பாய் கட்டியதற்காக என்னை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். ஆனால் அவர் மனைவியிடம் நான் சிரித்துக்கொண்டே நின்று பேசிய அந்த நேரத்துக்குள், தண்ணீருக்கு அடியில் அவர் அந்தப் புகையை இன்னும் எத்தனை தடவை இழுத்திருப்பார் என்று இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன்.