கணித மேதைகளுக்கு நாங்கள் வைத்த பொட்டு

எங்கள் வகுப்புச் சுவரில் இருந்த படங்களைக் கிழிக்க வைத்தது நீங்கள்தான், ஐயா. அப்போது நீங்கள் பாடசாலைகளைப் பார்வையிட வரும் கல்வி அதிகாரி. நான் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு.

கோதுமை மாவுப் பசையின் புளித்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. சுமதி டீச்சர் அந்தப் பசையைத் தடவித்தான் கறுப்பினக் கணித அறிஞர்களின் படங்களை வரிசையாக ஒட்டினார். நட்சத்திரங்களைக் கணித்துப் பஞ்சாங்கம் போட்ட பழைய காலத்து மனிதர் ஒருவர், இப்போது பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிக்கும் பெண் ஒருவர், இடையில் இன்னும் சிலர். அந்தப் பெண் என்னைவிடக் கறுப்பு.

"ஏய் கருவாச்சி, ஒங்க அத்தை படத்த ஒட்டியிருக்காங்கடி" என்றாள் பக்கத்தில் இருந்த செல்வி. அந்தப் பெயருக்கு எப்போதும் அழுகிற நான் அன்று அழவில்லை. கணக்குப் போடுகிற அத்தை இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சுவர்களில் சாமி படம் இருக்கும், இல்லாவிட்டால் செத்தவர் படம் இருக்கும். அதனால் மறுநாள் காலை நாங்களே செவ்வந்தி மாலை கட்டிப் போட்டு, எல்லாப் படத்துக்கும் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டோம். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்தக் கறுப்புப் பெண்ணின் படத்தைக் காட்டி, "இந்தம்மா உசுரோட இருக்காங்கடி" என்றார்.

"உசுரோட இருக்கவங்க ஏன் டீச்சர் செவுத்துல இருக்காங்க?" என்று செல்வி கேட்டாள்.

டீச்சர் சொன்ன பதில் என் காதில் ஏறவில்லை. உயிரோடு இருப்பவருக்கு மாலை போட்டுவிட்டோமே, ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, எச்சில் தொட்டுப் பொட்டை அழித்தேன். படத்தின் முகமெல்லாம் சிவப்பாய் இழுபட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் வந்தீர்கள்.

"இது பள்ளிக்கூடமா, கோயிலா? ஸ்கொலஷிப் பரீட்சையில இவங்களப் பத்தியா கேக்கப் போறாங்க?" என்றீர்கள். மத்தியானத்துக்குள் சுவர் வெறுமையானது.

பொட்டுதான் காரணம் என்றார் பாடசாலை அதிபர். பரீட்சைதான் காரணம் என்றார் சுமதி டீச்சர். காலையில் வேலை பிரிக்கும் "பெரட்டு" களத்தில் அம்மா கேட்டு வந்தது வேறு: நம் பிள்ளைகளை ஆப்பிரிக்காக்காரரோடு சேர்த்துக் கேவலப்படுத்துவதாகச் சில பெற்றாரே உங்களிடம் முறையிட்டார்களாம். எதை நம்புவது? கணக்குப் பாடம் வந்தால் அந்தச் சுவரைத்தான் பார்ப்பேன். பிறகு சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் தோற்றேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்தப் பழைய கட்டடம் இல்லை, புதிதாகக் கட்டிவிட்டார்கள். சுமதி டீச்சர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. செல்வி கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறாள். என் மகள் அதே பாடசாலையில் நாலாம் வகுப்பு. அவளுடைய டீச்சரும் இந்தத் தவணை அதே மாதிரிப் படங்களை ஒட்டியிருக்கிறார். பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம அதிதி நீங்கள். ஆகவே அதற்கு முன் அவற்றை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்களாம். "ஏம்மா எடுக்கணும்?" என்று மகள் கேட்கிறாள். நான் என்ன சொல்வது?

மேடையில் உங்களுக்கு ஒலிவாங்கி கொடுப்பார்கள். வாழ்த்தையெல்லாம் பிறகு சொல்லுங்கள். அன்று அந்தப் படங்களை எதற்காக எடுக்கச் சொன்னீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், பிள்ளைகளும் பெற்றாரும் எல்லாரும் கேட்கும்படியாக.