மேகம் என் பொறுப்பு

நைனா சாலையை விட்டு இறங்கிய அந்த நிமிடம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிப் போகும் மண் சாலை, சித்திரை மாதத்து வெயில், இரண்டு பக்கமும் ஊர் ஜனம். கோயில் திருவிழாவுக்காக ஊர் வாலிபர்கள் ஓட்டப்பந்தயம் வைத்திருந்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வந்த இளவட்டங்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு, நாற்பதைத் தாண்டிய, நாலு பிள்ளை பெற்ற மனிதர் முதல் ஆளாக வந்துகொண்டிருந்தார். பந்தயம் முடிகிற இடம் கூப்பிடு தூரம்தான். அப்போது தலையைத் தூக்கி மேற்கே பார்த்தார். பார்த்தவர் அப்படியே சரிவில் இறங்கி, எங்கள் உப்புப் பாத்தியை நோக்கி ஓடிப்போனார். இதை என் பிள்ளைகளிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் இத்தனை வருஷம் கழித்தும் ஆறவில்லை.

எங்கள் ஊரில் வயது வந்த மனிதன் ஓடினால் அதற்கு ஒரே காரணம்தான் அப்போதெல்லாம். மேகம். பாத்தியில் உப்பு விளைந்து வாராமல் கிடக்கும்போது மேற்கே கறுத்துவிட்டால், யார் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓட வேண்டும். மரப்பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்து, குவித்து, பனையோலையால் மூடுவதற்குள் மழை வந்துவிட்டால் போச்சு, பல வாரத்துப் பாடு தண்ணீராகிவிடும். தாலி கட்டிக்கொண்டிருந்த கல்யாணத்திலிருந்து பாதிக் கூட்டம் எழுந்து ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் உப்புக்காரர்கள்தான், அவர்களும் ஓடினார்கள்.

அப்படிப்பட்ட ஊரில்தான் நைனா சும்மா ஓட ஆரம்பித்தார். எழுபதுகளின் நடுவில் என்று ஞாபகம். குத்தகை விஷயமாக வானூருக்குப் போனவர் மத்தியான பஸ்ஸைக் கண்ணெதிரே தவறவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் பிடித்துவிடலாம் என்று பின்னாலேயே ஓடினார். அங்கேயும் பஸ் கிளம்பிவிட்டது. மற்றவர்களாக இருந்தால் மரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்திருப்பார்கள். நைனாவுக்கு உட்காரத் தெரியாது. சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவார், நின்ற இடத்தில் குதிகாலை ஆட்டிக்கொண்டே இருப்பார், மழைக்காலத்தில் உப்பளம் மூடியிருக்கும் மாதங்களில் வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்து நடந்து அம்மாவின் உயிரை வாங்குவார். அன்றைக்கு ஓட்டமும் நடையுமாகப் பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்ந்தார். சட்டையில் உப்புப் பூத்திருந்தது.

"பஸ்ஸுக்குக் காசு இல்லையா?" என்றாள் அம்மா.

"காசு இருக்குது. பஸ்தான் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இது எங்க போயி முடியப் போவுதோ" என்று என்னைப் பார்த்து முணுமுணுத்தாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து அளத்துச் சாலையில் ஓடினார். ஊர் கதிகலங்கிவிட்டது. ஒருவர் பின் ஒருவராக வீட்டை விட்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள். மேகத்தைக் காணோம். ஆனால் மனுஷன் ஓடுகிறானே! சிலர் பலகையைத் தூக்கிக்கொண்டு பாத்திக்கே ஓடிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் நைனாவுக்குக் கிடைத்த அர்ச்சனை கொஞ்சநஞ்சமல்ல. "டேய், நீ ஓடினா ஊரே ஓடுது. பொழைக்க வுடுடா" என்று பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கடைசியில் ஒரு ஏற்பாடு ஆனது. நைனா தலையில் சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டு ஓடினால் அது சும்மா ஓடுவது, துண்டில்லாமல் ஓடினால் மேகம். இந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை.

அவர் ஏன் ஓடினார் என்று யோசித்து யோசித்து எனக்கு ஒன்று தோன்றியிருக்கிறது. உப்புப் பாத்தியில் வேகமாக நடக்கவே கூடாது. காலால் மிதித்து மிதித்து இறுக்கிய தரை அது. அழுத்தி வைத்தால் உடைந்து சேறு கிளம்பும், உப்பு கறுத்துவிடும். ஏழெட்டு வயதில் அவர் முதன்முதலாகப் பாத்தியில் இறங்கிய நாளிலிருந்து "மெதுவா, மெதுவா" என்று யாராவது அதட்டிக்கொண்டே இருந்திருப்பார்கள். உடம்புக்குள் அத்தனை துடிப்பை வைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்த மனிதர். வேறு எப்படித்தான் அதை இறக்கி வைப்பார்? அல்லது நான் இப்படியெல்லாம் ஜோடித்துக்கொள்கிறேனோ என்னவோ. அவரிடம் கேட்டபோது "கால் கேக்குதும்மா, ஓடறேன்" என்று மட்டும் சொன்னார்.

கால் கேட்டது சரி, வீட்டில் யார் கேட்டார்கள்? அவர் ஓடிவிட்டு வரும்வரை பாத்திக்குத் தண்ணீர் கட்டுவது அம்மா. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் மூவரையும் விரட்டிக்கொண்டு, கூழும் காய்ச்சிக்கொண்டு. "ஓடற காலுக்கு நான் ஆக்கிப் போடணுமா? ஓடற இடத்துலயே துன்னுட்டு வரச் சொல்லு" என்று தினமும் என்னிடம் சொல்வாள், அவர் பக்கத்திலேயே நின்றாலும். எனக்கும் எரிச்சல்தான். பள்ளிக்கூடத்தில் என்னைச் சிவப்புத் துண்டு மகள் என்று கூப்பிட்டார்கள். மற்ற வீட்டு அப்பாக்களைப் போல இவர் ஏன் அடங்கி இருக்க மாட்டேன் என்கிறார் என்று அழுதிருக்கிறேன்.

பந்தயங்களுக்குப் போகத் தொடங்கினார். பாண்டிச்சேரியில் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தார். திண்டிவனத்தில் நடுவில் வந்தார். வந்து சொல்லும்போது வெட்கமே கிடையாது. "அடுத்த வாட்டி பாரு" என்பார். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. நம்ம ஊர்ச் சாலையில், நம்ம ஜனம் பார்க்க, ஒரே ஒரு தரம் முதலாவதாக வர வேண்டும். அதை ஒளிக்காமல் எல்லோரிடமும் சொன்னார். வயதும் போய்க்கொண்டிருந்தது, முழங்கால் வலிக்கு அம்மாதான் விளக்கெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள், திட்டிக்கொண்டே.

அதனால்தான் அந்தச் சித்திரைப் பந்தயத்தில் அவர் சாலையை விட்டு இறங்கியதும் எங்களால் நம்ப முடியவில்லை. இரண்டாவதாக வந்துகொண்டிருந்த பையன் கோட்டக்குப்பத்துக்காரன். துபாயில் இருக்கும் அண்ணன் அனுப்பிய வெள்ளை ஷூ போட்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "சாச்சா! அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!" என்று, சொந்தச் சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி, கையை ஆட்டிக் கத்தினான். நைனா அதற்குள் பலகையை எடுத்து உப்பை இழுக்கத் தொடங்கிவிட்டார். மேகம் சின்னதுதான், அவர் தலையில் சிவப்புத் துண்டும் இருந்தது, அதனால் ஊர் அசையவில்லை. நாங்கள் மட்டும் குதித்தோம். வாரிக் குவித்து ஓலை போட்டு மூடி நிமிர்ந்து பார்த்தால், மேகம் கலைந்து கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொட்டு விழவில்லை. பளிச்சென்று வெயில் அடித்தது. தூரத்தில் கோட்டக்குப்பத்துப் பையனுக்கு மாலை போட்டு மேளம் அடித்தார்கள்.

அம்மா பலகையைக் கீழே எறிந்தாள். "உன்ன யாருய்யா இறங்கச் சொன்னது?" என்று ஊரே கேட்கக் கத்தினாள். "உப்ப வார நான் இல்லையா? நாலு புள்ளைங்க இல்லையா? வருஷம் பூரா விடியறதுக்கு முன்னால எழுந்து நான் செத்தது இதுக்குத்தானா?"

"மேகத்தப் பாத்துட்டேன். கால் தானா இறங்கிடுச்சு" என்றார் நைனா. சின்னப் பிள்ளையைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அம்மா அவரோடு பல நாள் பேசவில்லை. "ஒங்க நைனாகிட்ட சொல்லு, கூழு ஆறுது", "ஒங்க நைனாகிட்ட சொல்லு, துண்டு காயுது". இத்தனை நாளும் அவர் ஓடுகிறார் என்று எரிந்து விழுந்தவள், இப்போது ஓடாமல் விட்டார் என்று எரிந்து விழுந்தாள். அவள் மனதிலும் அந்தப் பந்தயம் எந்த அளவுக்கு ஊறியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நைனா ஓட்டத்தை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஒரு காலை அம்மாவே அவரை உதைக்காத குறையாக எழுப்பினாள். "எழுந்துரு. அடுத்த சித்திரைக்கு மேகம் என் பொறுப்பு. நீ மேல பாக்கக் கூடாது. ரோட்டப் பாரு" என்றாள்.

அடுத்த சித்திரையும் வந்தது. அதே சாலை, அதே ஜனம், அதே கோட்டக்குப்பத்துப் பையன். இந்தத் தடவை மேகம் ஏமாற்றவில்லை. பந்தயம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மேற்கே கன்னங்கரேலென்று திரண்டு இடி இடித்தது. வேடிக்கை பார்க்க நின்ற ஊர் அப்படியே திரும்பி ஓடியது. மேளக்காரர் மேளத்தைத் தரையில் வைத்துவிட்டு ஓடினார். மாலை வைத்திருந்தவர் மாலையோடு ஓடினார். பந்தயம் நடத்தியவர்களும் உப்புக்காரர்கள்தானே, அவர்களும் போய்விட்டார்கள். நாங்கள் எங்கள் பாத்தியில் உயிரைக் கொடுத்து வாரிக்கொண்டிருந்தோம். முதல் சொட்டுகள் முதுகில் விழும்போது நைனா சாலை வளைவில் தெரிந்தார். எதிரே ஓடிவருகிற ஜனத்துக்கு நடுவில் அவர் ஒருவர் மட்டும் ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தார். எங்களுக்கு நேராக வந்ததும் வேகம் குறைந்தது. ஒரு கால் சாலை ஓரத்துக்கு வந்துவிட்டது.

அம்மா பலகையைத் தலைக்கு மேல் ஓங்கிக்கொண்டு சரிவில் ஏறி நின்றாள். "இறங்கினே, காலை ஒடச்சி அடுப்புல வெச்சிடுவேன்!"

"உப்பு கரையுதே..."

"உப்பு இன்னொரு வாட்டி வெளையும்யா. ஒனக்கு வயசு இன்னொரு வாட்டி வருமா? ஓடு!"

நைனா ஓடினார். மழை பிடித்துக்கொண்டது. பாதி உப்பைக்கூட எங்களால் காப்பாற்ற முடியவில்லை. பாத்தியில் வெள்ளை வெளேரென்று கிடந்தது கண்ணெதிரே கரைந்து காணாமல் போனது. அம்மா அழுதாளா என்று தெரியவில்லை, எல்லோர் முகத்திலும்தான் தண்ணீர் வழிந்தது. மழை தூறலாகக் குறைந்தபோது நைனா திரும்பி வந்தார். கூடவே கோட்டக்குப்பத்துப் பையன், நனைந்த ஷூக்களைக் கையில் பிடித்துக்கொண்டு.

"இன்னா ஆச்சி?" என்றாள் அம்மா.

"மொதல்ல வந்துட்டேன்."

"யாரு பாத்தா?"

முடிவுக் கோட்டில் ஒரு ஆள் இல்லையாம். கட்டியிருந்த கயிறுகூட அறுந்து சேற்றில் கிடந்ததாம். ஊர் பார்க்க ஜெயிக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் ஓடியவர், ஊரே பாத்தியில் குனிந்திருந்த நேரத்தில் ஜெயித்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தாங்கவில்லை.

"நான் பாத்தேன் சாச்சி, அல்லா மேல ஆணையா" என்றான் பையன். "பின்னாலேருந்து பாத்தேன். முதுகுதான் தெரிஞ்சது, நம்ம சாச்சா முதுகுதான்."

"முதுக நீ பாத்துட்டே. மூஞ்ச நான் பாக்க வாணாமா?" என்று அம்மா பலகையைப் போட்டாள். "யோவ், வளைவு வரைக்கும் போயி ஓடியா. பாக்கறேன்."

நைனா நிஜமாகவே போனார். வளைவிலிருந்து திரும்பி எங்களைப் பார்த்து ஓடிவந்தார். கரைந்த பாத்திகளுக்குப் பக்கத்தில் தலையில் கை வைத்து நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள். அப்புறம் பலரும் தட்டினார்கள். அவர் ஓடும்போது முகம் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் நின்று கவனித்ததே இல்லை. வாயெல்லாம் சிரிப்பு. எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அந்த மண் சாலையெல்லாம் தார் போட்டாகிவிட்டது, நைனாவும் அம்மாவும் இப்போது இல்லை. அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"போதும், நில்லுய்யா" என்றாள் அம்மா. நைனா நிற்கவில்லை. எங்களைத் தாண்டி ஊர்ப் பக்கம் ஓடிக்கொண்டே போனார். அம்மா வரப்பில் நின்றிருந்த கடைக்குட்டியைத் தூக்கி என் இடுப்பில் திணித்தாள், புடவையைத் தூக்கிச் செருகினாள், "யோவ், நில்லுய்யா, நில்லுன்றேன் இல்ல" என்று சிரித்துக்கொண்டே அவர் பின்னால் ஓடினாள். உப்புக்காக இல்லாமல் அம்மா ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.