ஆலை மூடிய வாரம் போட்ட இரண்டு வரிசை

சங்கு ஊதாத காலை

எழுபதுகளில் சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஓடிய அரசு சர்க்கரை ஆலையில் நான் பீல்டுமேன். சைக்கிளில் ஊர் ஊராகப் போய், எந்த வயலில் கரும்பு முற்றியிருக்கிறது என்று பார்த்து, அந்த விவசாயிக்குக் கட்டிங் ஆர்டர் கொடுப்பது என் வேலை. ஆர்டர் இல்லாமல் வெட்டினால் ஆலை எடுக்காது.

ஒரு நாள் காலை ஷிப்ட் சங்கு ஊதவில்லை. பாய்லர் ரிப்பேராக இருக்கும் என்று போனேன். கேட் பூட்டிக் கிடந்தது. நஷ்டம், அரசாங்கம் மூடிவிட்டது என்றார் வாட்ச்மேன். முதல் நாள் மாலைதான் கட்டிங் ஆர்டர் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். இனி வெட்டச் சொல்வதா, வேண்டாம் என்பதா? கேட்க ஆளில்லை.

இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

அந்த வாரமே நிவாரணம் பேச மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எல்லாம் ஒழுங்காக நிற்க வேண்டும் அவருக்கு.

"விவசாயிங்க இந்தப் பக்கம், தொழிலாளிங்க அந்தப் பக்கம். உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியுமே, பிரிச்சு நிறுத்துங்க" என்றார் என்னிடம்.

விவசாயிகளின் கரும்பை லாரியில் வேறு ஆலைக்கு அனுப்புவார்கள். தொழிலாளிகளுக்கு நஷ்டஈடு. ஒருவருக்கு ஏதாவது ஒன்றுதான்.

முனுசாமி என்று ஒருவர். சீசனில் ஆலைக்குள் அரவைக்குக் கரும்பு தள்ளுவார். வெளியே ஏரிப் பாசனத்தில் அவருக்கும் கொஞ்சம் கரும்பு உண்டு. தொழிலாளி பக்கம் நிறுத்தினேன்.

"சார், என் கரும்பு பூ எடுத்துட்ச்சு. இன்னும் வுட்டா சாறு வத்திப் பூடும்" என்றார்.

விவசாயி பக்கம் மாற்றினேன்.

"அப்போ என் வேலை போச்சே, அதுக்கு இன்னா சார்?"

மறுபடி அந்தப் பக்கம் அனுப்பினேன். அவரைப் பார்த்து மற்றவர்களும் இங்கும் அங்குமாக நடக்க ஆரம்பித்தார்கள். யாரை எங்கே நிறுத்தினேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

அதிகாரிக்குக் கோபம் வந்தது. "இவர் விவசாயியா, தொழிலாளியா? ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும்தான் சார்."

"ரெண்டும்னு கவர்ன்மெண்ட் ஆர்டர்ல இல்லையே!"

முனுசாமியின் மனைவி கன்னியம்மா, ஆலைக்காகக் கரும்பு வெட்டும் பெண்களில் ஒருத்தி, அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், மாட்டை ஓட்டற மாதிரி அந்தாண்ட இந்தாண்ட ஓட்டிக்கினு கீறீங்க? யோவ், நீ நடுவுல வந்து நில்லுய்யா!"

முனுசாமி நடுவில் வந்து நின்றார். பின்னாலேயே ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் ஆள் குறைந்து, நடுவில்தான் கூட்டம். அதிகாரி கையிலிருந்த ஆர்டரை மடித்தார்.

"முதல்ல கரும்பு போகட்டும். மீதிய நான் மெட்ராஸ்ல பேசறேன்" என்றார்.

சொன்னபடி லாரி வந்தது. லாரிகள் ஓடி முடிவதற்குள் நடுவில் நின்றவர்களுக்கும் நஷ்டஈடு வந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கடைசி லாரி

கடைசி லோடு ஏற்றுவதைப் பார்க்க அதிகாரியும் வந்திருந்தார். ஏற்றி முடித்ததும் கன்னியம்மா என்னிடம் வந்தாள். கையெல்லாம் கரும்புச் சோகை இலை கிழித்த கீறல்.

"எங்க ஊட்டுக்காரருக்கு ஆச்சு சார், சந்தோசம். வெட்டிக் கட்டு கட்டுன எங்களுக்கு அடுத்த சீசன்ல யார் வேலை குடுப்பாங்க? எங்க பொம்பளைங்க எந்தப் பக்கம் நிக்கறது?"

அந்தப் பெண்களை வயல் வயலாக வெட்டக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்; அவர்களுக்கும் வேலை போகும் என்று எனக்கே தோன்றவில்லை.

இன்று இந்தப் பக்கம் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எந்த ஆலையை மூடினாலும், கேட்டுக்கு வெளியே அதை நம்பிப் பிழைத்தவர்கள் யார் என்று முதலில் தேடிப் பாருங்கள். வரிசையைப் பிறகு போடலாம்.

அன்று நான் அதிகாரியிடம் ஓடிப் போய், வெட்டுகிற பெண்களுக்கு என்ன வழி என்று கேட்டேன். அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். உண்மையிலேயே குழம்பிப் போய் என்னைத் திருப்பிக் கேட்டார்:

"அவங்க யாரு?"