அந்தோணியைத் தேடிய மலை

போன வாரம் எனக்கு நல்ல சளி. பக்கத்துத் தெருவில் யாரோ கொடைக்கானல் போய்விட்டு வந்து கொடுத்த யூகலிப்டஸ் தைலத்தை என் மனைவி ஜெயராணி நெஞ்சில் தேய்த்துவிட்டாள். மூடியைத் திறந்ததும் வாசம் குப்பென்று ஏறியது. சளி இறங்கியதோ இல்லையோ, என் காது இரண்டும் சூடாகிவிட்டன. வெட்கத்தில்தான். கல்யாணமான புதிதில் அந்த ஊரில் எனக்கு நேர்ந்த மானக்கேடு அப்படிப்பட்டது.

தங்கச்சிமடத்தில் விசைப்படகுக்குப் போகிறவன் நான். எங்களுக்குச் சனி ஞாயிறு என்று தனியாக ஓய்வு கிடையாது. கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால்தான் கால் நீட்டிப் படுப்போம். ஜெயராணிக்கோ ஊர் நயினார்கோவில் பக்கம். அவள் அப்பா மிளகாய் போடுகிறவர். எங்களைப் போலக் கிறிஸ்தவ வேதம்தான் என்றாலும் கடலை வேளாங்கண்ணித் திருவிழாவில் மட்டும் பார்த்து வளர்ந்தவள். அந்தத் தடைக்காலத்தில் ஒருநாள் கேட்டாள்: “எல்லாரும் சனி ஞாயிறுல எங்கிட்டாவது போயிட்டு வாராக. நம்மளும் போவமா?”

“போவமே, ராமேஸ்வரம் போவம்” என்றேன். அவள் பார்த்த பார்வையில் அதைக் கொடைக்கானல் என்று மாற்றிச் சொல்லிவிட்டேன்.

அக்னி வெயிலில் ராமநாதபுரம் கடைத்தெருவில் குரங்குக் குல்லாய் கேட்டு அலைந்த ஒரே ஜோடி நாங்களாகத்தான் இருக்கும். மாமனார் போனில் ஒரே பேச்சாகச் சொன்னார்: “மாப்ள, அங்கன பள்ளம் ஜாஸ்தியாம். புள்ளைய பத்திரமாக் கூட்டியாங்க.” அது என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மலையேறும் பஸ்ஸில் முதல் அவமானம். எந்தக் காற்றிலும் எந்த அலையிலும் படகில் சோறு ஆக்கித் தின்றவன் நான். நாலு வளைவு திரும்புவதற்குள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிவிட்டேன். படகில் கால் வைத்தே அறியாத ஜெயராணி பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். “ஏங்க, நீங்க கடலுக்குத்தான் போறீகளா, இல்ல கரையில ஒக்காந்துட்டு வாரீகளா?” என்று கேட்டாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் தாங்கிக்கொண்டேன். மேலே பெரிய சிரிப்பு காத்திருந்தது எனக்கு எங்கே தெரியும்?

மறுநாள் மத்தியானம் பள்ளத்தாக்கு பார்க்கிற இடம் ஒன்றுக்குப் போனோம். கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் ஆழம். “சோளக்கருது வாங்கியாரேன், இங்கனயே நில்லுங்க” என்று அவள் போனாள். அவள் முதுகு மறையக்கூட இல்லை, கீழேயிருந்து பனிமூட்டம் பொங்கி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. நீட்டிய என் கையே எனக்குத் தெரியவில்லை. சுற்றிலும் ஜனங்கள் சந்தோஷத்தில் கூச்சல் போட்டார்கள். நான் காத்திருந்தேன். அவள் வரவில்லை. வேலிப் பக்கம் யாரோ ஒரு பெண் “ஐயோ” என்று கத்தியதும், கல் உருளும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அவ்வளவுதான், மாமனார் சொன்ன பள்ளம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

கடலில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாசிப் பனியில் வழி தெரியாமல் போனால் ஆள் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டோம். எங்கள் படகின் பெயரை நீட்டி முழக்குவோம். காதில் விழுந்தவன் யாராக இருந்தாலும் “இருக்கோம்” என்று திருப்பிக் குரல் கொடுக்க வேண்டும். சண்டைக்காரனாக இருந்தாலும் கொடுத்தே ஆகவேண்டும். பதில் வராவிட்டால் அதற்கு எங்கள் ஊரில் அர்த்தம் ஒன்றுதான். அன்றைக்கு அந்த மலையில் நான் யோசித்துச் செய்யவில்லை. தொண்டை தானாகவே திறந்துகொண்டது.

“அந்தோணியாரோ... ஓஓஓய்!”

பதில் இல்லை. மறுபடியும் கத்தினேன். கூச்சல் போட்ட கூட்டம் அடங்கிவிட்டது. மூன்றாவது தடவை கத்தும்போது என் குரல் உடைந்து அழுகையாகிவிட்டது.

காவலுக்கு நின்ற ஒருவர் ஓடி வந்தார். “யாருங்க, அந்தோணியா? பயப்படாதீங்க” என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் கை மைக்கை எடுத்துவிட்டார். “அந்தோணி என்கிற சிறுவனைக் காணவில்லை. பார்ப்பவர்கள் இங்கே அழைத்து வரவும்.” மலையே தேட ஆரம்பித்தது. கல்லூரிப் பிள்ளைகள் புதருக்குள் டார்ச் அடித்தார்கள். ஒரு அம்மா கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு “அந்தோணி கண்ணா” என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். அது பையன் இல்லை, படகு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நானோ ஜெயராணி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பையன் என்ன டிரஸ் போட்டிருந்தான்?” என்றார் காவலர்.

“பச்சைச் சேலை” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த நேரத்தில்தான் மூட்டத்துக்குள்ளிருந்து ஜெயராணி வந்தாள். இரண்டு கையிலும் சோளக்கருது, மூச்சு வாங்கியது. “ஏங்க, பாவம், யாரோ புள்ளையத் தொலைச்சுட்டாக! நானும் அந்த மரத்தடியெல்லாம் பாத்துட்டேன். சும்மா நிக்கிறீகளே, நீங்களும் தேடுங்க!”

“இவுகதான் சார்” என்றேன் காவலரிடம்.

“அப்ப அந்தோணி யாரு?”

“போட்டு சார்.”

காவலர் கை மைக்கைக் கீழே இறக்கினார். பிறகு ஒருவர், “அண்ணே, எந்த ஏரியில விட்டீங்க?” என்று கேட்டார். அப்போது கிளம்பிய சிரிப்பு இருக்கிறதே, மூட்டமே அதில்தான் கலைந்தது என்று நினைக்கிறேன். பிஸ்கட் அம்மா பாக்கெட்டை என் கையில் திணித்து, “அந்தோணி வந்தா குடுங்க” என்றார். கன்னத்தில் கண்ணீரும் தலையில் குரங்குக் குல்லாயுமாக நான் நின்றேன். அந்தப் பள்ளத்தில் நானே குதித்துவிடலாமா என்று இருந்தது.

அறைக்கு வந்ததும் ஜெயராணி கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். “அது உங்க கொரலுன்னே தெரியலங்க. எம்பேரச் சொல்லிக் கூப்புட வேண்டியதுதான?”

“நாலு பேரு முன்னால எப்புடிப்புள்ள?”

“அழுவுறது மட்டும் நாலு பேரு முன்னால அழுவலாமாக்கும்!”

ஊரில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று மாதா மேல் ஆணை வாங்கினேன். மாதா மன்னிப்பார் என்ற தைரியம் அவளுக்கு. பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே பக்கத்து வீட்டுச் செல்வமேரியிடம் சொல்லிவிட்டாள். அதன்பிறகு எந்தக் கல்யாண வீடானாலும், பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்தானாலும் இந்தக் கதைதான். காவலர் மாதிரி கை மைக் பிடிப்பாள், பிஸ்கட் அம்மாவாகக் கொஞ்சுவாள், கடைசியில் என்னைப் போலக் கத்திக் காட்டுவாள். பந்தலே குலுங்கும். நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். செல்வமேரியின் புருஷன் சேசு என்னை விடமாட்டான். மீன் ஏலம் போகிற இடத்தில் நின்றுகொண்டு, “ஏலே, அந்தோணி கெடச்சானா?” என்று தூரத்திலிருந்தே கேட்பான். பூசை முடிந்து கோயிலிலிருந்து இறங்கும்போதும் கேட்பான். அவன் எதிரே வந்தால் நான் சந்துக்குள் திரும்பிய நாட்கள் உண்டு.

சில வருஷத்துக்கு முன்னால், திடீர்க் காற்று அடித்த ஒரு நாளில் சேசு போன படகு திரும்பவில்லை. விடிந்ததும் நாங்கள் தேடிப் போனோம். மழைமூட்டத்தில் கரையோரமாகவே அந்தப் படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனோம். கரையில் செல்வமேரியைப் பிடித்தபடி ஜெயராணி நின்றாள். நான் கத்தியதை அவள் கேட்டாள். பதில் வராததையும் கேட்டாள்.

அதோடு அவள் அந்தக் கதையை விட்டுவிட்டாள். யாராவது கேட்டால் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். வெட்கம் விட்டது என்று நான் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அப்படி இல்லை. பந்தல் சிரிக்க அவள் கத்திக் காட்டுவதை ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் போல ஆகிவிட்டது.

போன மாதம் ஒரு விருந்தில் நானே ஆரம்பித்தேன். குல்லாயைச் சொன்னேன், பஸ்ஸைச் சொன்னேன். இளவட்டங்கள் சிரித்தார்கள். ஜெயராணி வேண்டாம் என்று கண்ணைக் காட்டியது எனக்கு உறைக்கவில்லை. மூட்டம் வந்ததைச் சொல்லி, கத்துவதற்காக மூச்சை இழுத்தபோதுதான் பார்த்தேன். எதிரே தூணோரமாகச் செல்வமேரி உட்கார்ந்திருந்தாள். கதை கேட்கிறவளாக, முகத்தில் சிரிப்பைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்தபடி இருந்தாள்.

இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டேன். கொடைக்கானலில் பட்ட வெட்கமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். ஜெயராணி வந்து, “எலை போட்டாச்சு, வாங்க” என்று என் தோளைத் தொட்டாள்.

பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.